சைவக்காரனும் இத்தாலியக் கடையும்

வருடத்தில் நாலைந்து மாதம் நாங்கள் நியூயார்க்கில் மகள் வீட்டில் இருப்பது நான் எழுதுவதைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். வீடு பிராங்க்ஸ் பகுதியில் இருக்கிறது. அங்கே எனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்பவர்கள் தாவரவியல் பூங்கா என்றோ மிருகக்காட்சி சாலை என்றோ பதில் எதிர்பார்க்கிறார்கள். இரண்டும் பக்கத்தில்தான், இரண்டும் அருமையான இடங்கள்தான். ஆனால் எனக்குப் பிடித்தது அவற்றை ஒட்டி இருக்கும் ஆர்தர் அவென்யூ என்கிற கடைத்தெருவும், அதில் கூரையிலிருந்து பன்றித் தொடை தொங்குகிற ஒரு இத்தாலிய மளிகைக் கடையும்.

பன்றித் தொடை என்றதும் சிலர் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. முதல் தடவை போனபோது என் மனைவி வாசலைத் தாண்டி வரவில்லை. "நீங்க போயிட்டு வாங்க, நான் இந்த பெஞ்சில உக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டாள். இருந்தாலும் சொல்கிறேன்: அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் சைவக்காரர்கள் சீஸ் வாங்கவேண்டி வந்தால், பளபளவென்று இருக்கும் சூப்பர் மார்க்கெட்டை விட்டுவிட்டு இப்படிப்பட்ட கடைக்குத்தான் போகவேண்டும். இது என் கட்சி. என் மாப்பிள்ளை எதிர்க்கட்சி. அவர் வாதத்தையும் சொல்லத்தான் போகிறேன்.

முதலில் தெருவைப் பற்றி நாலு வார்த்தை. இந்தப் பகுதிக்குப் பெயர் பெல்மான்ட். நூறு வருடத்துக்கு முன்னால் தெற்கு இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்கள் குடியேறிய இடம். கட்டட வேலை, கல் வேலை, தோட்ட வேலை என்று எது கிடைத்தாலும் செய்தவர்கள். கொஞ்சம் பேர் தள்ளுவண்டியில் காய்கறி, மீன், சீஸ் விற்றார்கள். 1940இல் மேயராக இருந்த லகார்டியா தள்ளுவண்டிகளைத் தெருவிலிருந்து எடுத்துவிட்டு, கூரை போட்ட சந்தை ஒன்றைத் திறந்து வியாபாரிகளை உள்ளே அனுப்பினார். அந்த ஊர் விமான நிலையம் ஒன்றுக்கு அவர் பெயர்தான். அவருடைய அப்பாவும் இத்தாலிக்காரர். கொத்தவால் சாவடியைக் கோயம்பேட்டுக்கு மாற்றியபோது நடந்த சண்டைகள் ஞாபகம் இருப்பவர்களுக்கு, தள்ளுவண்டிக்காரர்கள் அன்று என்ன பேசியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சந்தை இன்றும் அதே இடத்தில் நடக்கிறது.

சந்தைக்கு வெளியே தெரு முழுக்கக் கடைகள். 1918இலிருந்து ரொட்டி சுடும் மதோனியா, 1935இலிருந்து ராவியோலி செய்யும் போர்காட்டி, 1915இல் தொடங்கிய டெய்ட்டெல் சகோதரர்கள் மளிகை. இந்தக் கடைசிக் கடையின் வாசல் தரையில் யூதர்களின் ஆறு முனை நட்சத்திரம் பதித்திருக்கும். அதைத் தொடங்கிய சகோதரர்கள் ஆஸ்திரியாவிலிருந்து வந்த யூதர்கள். இத்தாலியர்களுக்கு ஆலிவ் எண்ணெயும் சீஸும் விற்று மூன்று தலைமுறைக்கு மேல் நடந்திருக்கிறது. தங்கள் மதத்தில் விலக்கிவைத்த பன்றி இறைச்சியையும் சேர்த்து விற்கும் கடை அது. சைவக்காரன் அந்தத் தெருவில் நுழைவதில் அப்படி என்ன அதிசயம் இருக்கிறது?

நான் வழக்கமாகப் போகும் கடை இவற்றில் எதுவும் இல்லை. பெயரைப் போட்டால், பேசினதையெல்லாம் எழுதிவிட்டீர்களே என்று கடைக்காரர் கோபித்துக்கொள்வார். அவருக்கு அறுபது வயது இருக்கும். தாத்தா கலாப்ரியாவிலிருந்து வந்தவர். கடை நம்மூர்ப் பழைய மளிகைக் கடை அகலம்தான், நீளம் அதிகம். ஒரு பக்கம் அலமாரியில் எண்ணெய் டின், தக்காளி டின், பாஸ்தா பாக்கெட். இன்னொரு பக்கம் நீளக் கண்ணாடிக் கவுன்டர். அதற்குள் தொட்டி தொட்டியாக ஆலிவ் காய், எண்ணெயில் ஊறும் கத்தரிக்காய், வினிகரில் போட்ட குடைமிளகாய், சீஸ் வகைகள். கவுன்டருக்குப் பின்னால் இறைச்சியைச் சீவும் மிஷின் ஒன்று, சீஸைச் சீவும் மிஷின் தனியாக ஒன்று. எண் போட்ட சீட்டைக் கிழித்துக்கொண்டு நிற்க வேண்டும். டெலி என்று அவர்கள் சொல்வது இந்தக் கவுன்டரைத்தான். கேட்ட அளவுக்கு வெட்டி, நிறுத்து, காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்கள்.

சைவக்காரர்களுக்கு இதில் என்ன சிக்கல் என்று கேட்கலாம். சீஸ் பாலில்தானே செய்கிறார்கள்? பாலில்தான். ஆனால் அந்தப் பாலைத் திரிக்கப் பழைய முறையில் சேர்ப்பது ரெனெட். பால் குடிக்கும் கன்றுக்குட்டியின் நாலாவது இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி அது. கன்றை அறுத்தால்தான் கிடைக்கும். எல்லா சீஸிலும் இது இருக்காது. நுண்ணுயிரிலிருந்து எடுத்த நொதியைப் போட்டும் நிறைய சீஸ் செய்கிறார்கள். ஆனால் பேர் பெற்ற இத்தாலிய சீஸ்களில் பாதிக்கு மேல் நமக்கு ஆகாதவை. பீட்சாவில் தூவுகிறார்களே பார்மேசான், அதன் அசல் வடிவம் பார்மிஜானோ ரெஜ்ஜானோ. அதைப் பால், உப்பு, கன்றுக்குட்டி ரெனெட் ஆகிய மூன்றைக் கொண்டுதான் செய்யவேண்டும் என்பது அந்த ஊர் விதி. வேறு எதைப் போட்டாலும் அந்தப் பெயரை வைக்க முடியாது. ஆட்டுப்பாலில் செய்யும் பெக்கொரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டி ரெனெட்.

என் மாதிரி ஆட்கள் இதை எப்படித் தெரிந்துகொள்வது? பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கலாம் என்பீர்கள். அமெரிக்கச் சட்டப்படி சீஸ் பாக்கெட்டில் "என்சைம்ஸ்" என்று ஒரே வார்த்தை போட்டால் போதும். அது கன்றிலிருந்து வந்ததா, பூஞ்சையிலிருந்து வந்ததா என்று சொல்லவேண்டிய கட்டாயம் கிடையாது. சூப்பர் மார்க்கெட்டில் அந்த வார்த்தையைப் பார்த்துவிட்டு அலமாரி அடுக்கிக்கொண்டிருந்த பையனிடம் கேட்டேன். பாவம், அவன் பாக்கெட்டை வாங்கி நான் படித்ததையே எனக்குத் திரும்பப் படித்துக் காட்டினான்.

இத்தாலியக் கடைக்காரரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். "இதில் எதெல்லாம் கன்றுக்குட்டி ரெனெட் சேராதது?" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது, ஐயா?" என்று கேட்டார். பிறகு கவுன்டரின் ஒரு முனையிலிருந்து விரலை நீட்டிக்கொண்டே வந்தார். இது வேண்டாம், இது வேண்டாம், இதுவும் வேண்டாம். இது சாப்பிடலாம். இந்த ரிகோட்டா நாங்களே பாலில் வினிகர் விட்டுத் திரிப்பது, தாராளமாக. (நம் பனீர் மாதிரிதான், இன்னும் குழைவாக இருக்கும்.) இந்த ஆட்டுப்பால் சீஸ், முள்செடி ஒன்றின் பூவை ஊறவைத்த நீரில் திரித்தது, இது உங்களுக்காகவே செய்தது போல. கடைசியில் ஒரு கெட்டி சீஸைக் காட்டி, "இது எனக்கே நிச்சயமில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்றார். நான் விலையைக் கேட்டு, அதில் ஒரு துண்டு வாங்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும். அடுத்த வியாழக்கிழமை போனபோது என்னைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார். "கன்றுதான். வாங்காதீர்கள்." இறக்குமதி செய்பவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். ஒரு கிழவனுக்கு ஒரு துண்டு சீஸை விற்காமல் இருப்பதற்காக ஒரு போன்!

அதோடு விடவில்லை. நான் கேட்காததையும் சொன்னார். துளசி மாதிரி இலையில் அரைத்த பெஸ்டோ பச்சையாக இருக்கிறதே என்று நம்பாதீர்கள், அதில் பார்மிஜானோ இருக்கிறது. பீன்ஸ் சூப்பில் பன்றிக்கொழுப்பு விழுந்திருக்கும். காய்கறி சூப்பில்கூடச் சில வீடுகளில் சீஸின் மேல்தோலைப் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். தரல்லி என்கிற முறுக்கு மாதிரி வளையம் புலியா ஊர்ப் பக்கம் ஆலிவ் எண்ணெயில் பிசைவது, நேப்பிள்ஸ் பக்கம் பன்றிக்கொழுப்பில் பிசைவது. இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி. கன்னோலி இனிப்பின் ஓட்டு மாவிலும் அதே கொழுப்பு வரலாம். நாற்பது வருடம் கவுன்டருக்குப் பின்னால் நின்றவருக்குத்தான் இதெல்லாம் தெரியும்.

இப்போது மாப்பிள்ளையின் வாதம். "மாமா, அதே ஆலிவ் எண்ணெய், அதே பாஸ்தா, அதே தக்காளி டின் மொத்த விற்பனைக் கடையில் பாதி விலைக்கு இருக்கு. அந்த ஆள் சிரிச்சுப் பேசறதுக்கு நீங்க டாலர் டாலரா கொடுக்கறீங்க" என்கிறார். கணக்குப் பார்த்தால் தப்பில்லை. உலர்ந்த பாஸ்தாவும் டின்னில் அடைத்ததும் எங்கே வாங்கினாலும் ஒன்றுதான், என்ன வாங்குகிறோம் என்று தெரிந்திருந்தால் போதும். வெசுவியஸ் மலைப் பக்கம் விளையும் சான் மார்சானோ தக்காளி என்று பெயர் போட்டு வேறெங்கோ விளைந்ததை விற்கிறார்கள், ஐரோப்பிய முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். அதைப் படிக்கக் கண்ணாடி போதும். ஆகவே அந்தச் சாமான்களை மாப்பிள்ளை சொல்கிற இடத்திலேயே வாங்கிக்கொள்கிறோம். வீட்டில் சமாதானம் வேண்டாமா?

சீஸ் விஷயம் வேறு. அங்கே பெயரே ஏமாற்றும். ஐரோப்பாவில் பார்மேசான் என்று போட்டால் அது அசல் பார்மிஜானோவாகத்தான் இருக்கவேண்டும் என்று 2008இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் அந்தக் கட்டுப்பாடு இல்லை, எந்த ஊரில் செய்தாலும் பார்மேசான்தான். அதிலும் துருவி டப்பாவில் அடைத்தது என்றால் கேட்கவே வேண்டாம். பென்சில்வேனியாவில் ஒரு நிறுவனம் நூற்றுக்கு நூறு பார்மேசான் என்று விற்ற டப்பாவில் பார்மேசானே இல்லாமல் வேறு மலிவு சீஸ்களும் செல்லுலோஸும் இருந்தது வெளியாகி, 2016இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. செல்லுலோஸ் என்பது மரக்கூழிலிருந்து எடுப்பது. ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் சேர்க்க அனுமதி உண்டு. கொஞ்சம் என்பது ஆளுக்கு ஆள் மாறும் போலிருக்கிறது.

இந்தக் கடையில் அசல் சக்கரத்தை உடைப்பதை வேடிக்கை பார்க்கலாம். சுமார் 40 கிலோ எடை, ஒன்றைச் செய்ய 500 லிட்டருக்கு மேல் பால், குறைந்தது 12 மாதம் பக்குவம். ஓரத்தில் சுற்றிலும் பெயரைப் புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கும். கத்தியால் அறுக்கமாட்டார்கள். பாதாம் பருப்பு வடிவத்தில் குட்டைக் கத்திகளை அங்கங்கே குத்தி நெம்பினால், கருங்கல் பிளப்பது போல இரண்டாகப் பிளக்கும். உள்ளே சர்க்கரை மாதிரி மின்னும். கடையில் இருக்கும் எல்லாரும் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நான் சாப்பிட முடியாத பண்டம்தான். அதைப் பார்க்க இரண்டு தடவை கால் கடுக்க நின்றிருக்கிறேன்.

கடையில் குறை இல்லாமல் இல்லை. பழைய வாடிக்கையாளர் வந்தால் சீட்டு எண் எல்லாம் காற்றில் போய்விடும், அவர்களுக்குத்தான் முதலில். சில சாமானில் விலையே போட்டிருக்காது, கேட்டால் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வது போலத் தோன்றும். சனிக்கிழமை வெளியூர்க்காரர்கள் வந்து இறங்கி, தொங்கும் இறைச்சிக்குக் கீழே நின்று போட்டோ எடுப்பார்கள். அவர்களுக்காக ரிப்பன் கட்டிய கூடைகள் வேறு. அந்தக் கூடையில் இருப்பதைத் தனித்தனியாக வாங்கினால் விலை எவ்வளவு குறையும் என்று நான் கூட்டிப் பார்த்திருக்கிறேன். வங்கியில் 34 வருடம் வேலை பார்த்த வியாதி.

ஆனால் வயதானவர்களுக்கு இந்தக் கடை செய்கிற ஒரு உபகாரத்தை மாப்பிள்ளையின் கணக்கு சேர்த்துக்கொள்வதில்லை. கால் பவுண்டு கேட்டால் கால் பவுண்டு கொடுக்கிறார்கள். நம் கணக்கில் 113 கிராம். அரை டஜன் துண்டு என்று எண்ணிக் கேட்டாலும் கொடுக்கிறார்கள். எனக்கு முன்னால் ஒரு நாள் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு இத்தாலியப் பாட்டி நின்றாள். ஆறு துண்டு, மெல்லிசாக என்றாள். கடைக்காரர் முதல் துண்டைச் சீவி, விரலில் தொங்கவிட்டு, கண்ணாடிக்கு மேலே உயர்த்திக் காட்டினார். பாட்டி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இன்னும் மெல்லிசு என்றாள். மிஷினைத் திருகிவிட்டு மறுபடி காட்டினார். அதற்குப் பிறகுதான் மற்ற ஐந்து. பின்னால் பத்துப் பேர் நிற்கிறோம், ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

மொத்த விற்பனைக் கடையில் இந்தப் பாட்டி என்ன செய்வாள்? இரண்டு கிலோ சீஸை மகன் காரில் ஏற்றிக்கொண்டு வந்து வைப்பான். பாதி பூசணம் பிடிக்கும். மீதியை வீணாக்கக் கூடாதென்று அவளே சாப்பிட்டுத் தீர்ப்பாள், டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னது போய்விடும். எங்கள் வீட்டு ஃபிரிஜ்ஜில் இப்படித்தான் நடக்கிறது. ஒரு ஆள், இரண்டு ஆள் இருக்கும் வீட்டுக்கு ஏற்ற அளவில் விற்பவன் பவுண்டுக்கு இரண்டு டாலர் கூட வாங்கினாலும் மாதக் கடைசியில் செலவு குறைவாகத்தான் வருகிறது. சீட்டு எழுதிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

வாங்குவதற்கு முன் ருசி பார்க்கக் கொடுப்பதும் உண்டு. கேட்கக்கூட வேண்டாம், கத்தி நுனியில் ஒரு சின்னத் துண்டு நீளும். பிடிக்கவில்லை என்று சொன்னால் முகம் மாறுவதில்லை. என் மனைவியைக் கடைக்குள் கொண்டுவந்தது அதுதான். மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ, அம்மா ஏன் வெளியிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கை கழுவி, கழுவிய கிண்ணம் ஒன்றில் உப்புநீரில் ஊறிய லுப்பினி பருப்பைப் போட்டுக்கொண்டு தானே பெஞ்சுக்குப் போனார். தட்டையான பெரிய பருப்பு, ஆரம்பத்தில் ஒரே கசப்பு, நாள்கணக்கில் தண்ணீர் மாற்றி ஊறவைத்தால்தான் வாயில் வைக்கமுடியும். தோலைப் பிதுக்கித் தின்னவேண்டும். மொச்சைச் சுண்டல் தின்று வளர்ந்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. "தேங்காய் போட்டுத் தாளிச்சா இன்னும் நல்லா இருக்கும்" என்று என்னிடம் சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன். அவர் யோசித்துவிட்டு, "தேங்காயா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது அவள் உள்ளே வருகிறாள், இறைச்சிப் பக்கம் திரும்பாமல் நேராகப் பின்னால் போய்விடுவாள். அங்கே ஒரு பையன் மொசரெல்லா செய்துகொண்டிருப்பான். திரித்த பால்கட்டியைத் துண்டு துண்டாக்கி, கொதிக்கிற உப்புநீரை ஊற்றி, பரோட்டா மாவை இழுப்பது போல இழுத்து இழுத்து மடித்து உருண்டை பிடிப்பான். பால்கட்டி வெளியிலிருந்து பெட்டியில் வருகிறது. பெட்டியை எடுத்துக் காட்டி, நொதி நுண்ணுயிர் வகை என்று அச்சடித்திருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினான். வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தான். "என்னங்க, திரட்டுப்பால் மாதிரி ஆரம்பிச்சு ரப்பர் மாதிரி முடியுது" என்றாள். ஆனால் ஒரு உருண்டை வாங்கச் சொன்னாள்.

அந்தப் பையன் இத்தாலியன் இல்லை. அவன் அப்பா கொசோவோவிலிருந்து வந்த அல்பேனியர். இந்தத் தெருவில் இப்போது அல்பேனியர்கள் நிறைய. அவர்களுடைய இரட்டைத்தலைக் கழுகுக் கொடியைப் பல கடைகளில் பார்க்கலாம். மெக்சிகோக்காரர்களும் இருக்கிறார்கள். அசல் இத்தாலியத் தெரு போய்விட்டது, எல்லாம் வேஷம் என்று மகளின் சிநேகிதர்கள் சிலர் பேசிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. யூதர்கள் 1915இலிருந்து எண்ணெய் விற்ற தெருவில் அல்பேனியப் பையன் மொசரெல்லா இழுத்தால் என்ன குறைந்துவிட்டது? கொதிநீரில் கைவிட்டுப் பழகியவன் அவன். கடைக்காரரின் சொந்த மகன் பல் டாக்டர். கொதிநீர் பக்கம் வருவதில்லை.

எனக்கு இருக்கிற கவலை வேறு. கடைக்காரருக்கு முழங்கால் வலி, மதியத்துக்கு மேல் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுகிறார். கட்டடம் சொந்தம், அதனால்தான் ஓடுகிறது என்று அவரே சொன்னார். அவர் விலகினால் பையனிடம் கொடுப்பாரா, வாடகைக்கு விட்டு காபிக் கடை வருமா தெரியாது. பையனிடம் கொடுத்தால், எந்த சீஸில் என்ன ரெனெட் என்கிற விவரம் கூடவே போகும். நான் கேட்கும்போதெல்லாம் அவனும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். போன முறை ஒரு குஜராத்திக் குடும்பம் வந்தபோது முதலாளியைக் கூப்பிடாமல் அவனே விரலை நீட்டிச் சொல்லிக்கொண்டு வந்தான். ஒரு இடத்தில் தடுமாறினான். பின்னால் ஸ்டூலிலிருந்து, "அது கன்று" என்று குரல் வந்தது.

பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற நண்பர்களுக்கு: எல்லா ஊரிலும் ஆர்தர் அவென்யூ இருக்காது. ஆனால் நியூயார்க், நியூ ஜெர்சி, பாஸ்டன் பக்கம் ஏதாவது ஒரு இத்தாலியக் கடை கிடைத்துவிடும். "அனிமல் ரெனெட்டா, மைக்ரோபியலா?" என்கிற ஒரு கேள்வியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சைவச் சாப்பாடு என்று மட்டும் சொன்னால் முக்கால்வாசிப் பேர் மீனைக் காட்டுவார்கள். சீஸை அறுக்கும் முன் கத்தியைக் கழுவச் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை சில கடைகள் திறப்பதில்லை, சனிக்கிழமை கூட்டம். செவ்வாய் புதன் காலை பத்து மணிவாக்கில் போனால் கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்கும்.